முப்பத்தாறு சீட்டுகள், ஒரே கை

அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிற ரகம் அவள். வந்து பார்த்தால் அணைந்துதான் இருக்கும். பஸ் ஓட்டுகிற கணவர், உன்னைப் போல ஒரு பயணி இருந்தால் என் வண்டி டிப்போவை விட்டே கிளம்பாது என்பார்.

இப்படிப்பட்டவளுக்குத்தான் அந்தச் சட்டைத் தொழிற்சாலையில் வேறு யாருக்கும் வாய்க்காத வேலை வாய்த்தது. இயந்திரங்கள் எல்லாம் கீழே. மூன்றாவது மாடியில் கைவேலை மட்டும்: பொத்தான் தைப்பது, நூல் பிசிறு வெட்டுவது, காலர் சரிபார்த்து மடிப்பது. ஒரு காலத்தில் அங்கே ரேடியோ இருந்தது. பாட்டா, செய்தியா என்று தினமும் சண்டை வந்ததில் மேற்பார்வையாளர் அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அந்த வாரம் இவள் சாப்பாட்டு நேரத்தில் ஒரு தொடர்கதையை வாய்விட்டுப் படித்தாள். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

வேலை குறையக் கூடாது, மற்றபடி என்னவோ செய்துகொள்ளுங்கள் என்றார் மேற்பார்வையாளர். ஒரு நாளைக்கு அவள் பங்கு எழுபத்திரண்டு சட்டை. மற்ற முப்பத்தாறு பேரும் தங்கள் பங்கு போக ஆளுக்கு இரண்டாக அதை எடுத்துக்கொண்டார்கள். அவள் நடுவே முக்காலி போட்டு உட்கார்ந்து நாவல் வாசித்தாள். பதினோரு வருடமாக இதுதான் ஏற்பாடு. பெயர்கூட மறந்துபோய், ரேடியோ என்றே ஆகிவிட்டாள்.

அந்த வருடம் நாட்டுக்குப் பிடித்த நூறு நாவல்களை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கலாம் என்று அறிவிப்பு வந்தது. நூலகங்களில் பெட்டி வைத்தார்கள். மாடியில் பேச்சே தேவைப்படவில்லை. போன மழைக்காலத்தில் கேட்ட உப்பள நாவல்தான் என்று ஏகமனதாக முடிவாயிற்று. உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு தாய், வேலைக்காக வெளியூர் போன மகளுக்காக வெள்ளிக்கிழமைதோறும் பஸ் நிலையத்தில் காத்திருக்கிற கதை. எங்கள் கையில் ஊசி இருக்கிறது, ஓட்டுச் சீட்டை நீயே எழுதிவிடு, நாங்கள் கையெழுத்துப் போடுகிறோம் என்றார்கள். முப்பத்தாறு சீட்டையும் அவளே எழுதினாள். ஒரே பேனா, ஒரே எழுத்து.

இரண்டு மாதம் கழித்து ஓட்டு நடத்துகிறவர்களிடமிருந்து கடிதம் வந்தது. ஒரே கையால் எழுதப்பட்ட சீட்டுகள் சந்தேகத்துக்கு உரியவை. வாக்காளர்களுக்கு அந்த நாவல் தெரியுமா என்று நேரில் விசாரிக்க அதிகாரி ஒருவர் வருவார். தெரியாவிட்டால் சீட்டுகள் தள்ளுபடி.

மாடியில் எல்லோரும் சிரித்தார்கள். வரட்டும், வரிக்கு வரி சொல்கிறோம் என்றாள் காலர் சரிபார்க்கிறவள். ரேடியோவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவர்கள் வரிக்கு வரி சொல்லிவிடக் கூடாதே என்பதுதான் அவள் கவலை.

ஏனென்றால் அந்த நாவலில் மகள் திரும்பி வரவே இல்லை. கடைசி அத்தியாயத்தில் அவள் செத்த சேதியோடு ஒரு துணி மூட்டைதான் வந்து சேர்கிறது. அதை வாசிக்க வேண்டிய நாளில் அவள் பக்கத்தைப் புரட்டி நிமிர்ந்தபோது எதிரே பொத்தான் அக்கா. அவளுடைய மகளும் கடல் கடந்து வேலைக்குப் போனவள்தான். நான்கு மாதமாகப் போன் இல்லை. ஊசி பொத்தானுக்குள் பாதியில் நிற்க, அக்கா இவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். புத்தகம் ஒன்று சொல்ல, ரேடியோவின் நாக்கு வேறொன்று சொன்னது. மகள் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். தாய் அவள் பெட்டியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். மாடி முழுக்க மூக்கை உறிஞ்சியது. அன்று மாலையே புத்தகத்தை நூலகத்தில் கொடுத்துவிட்டாள்.

கடிதம் வந்தபின் பத்து நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கணவரிடம் சொன்னபோது அவர் பல் தேய்ப்பதை நிறுத்தாமலே கேட்டார்.

"ஒரு முடிவைத்தானே மாத்தினே. இதுக்கு யாராவது ஜெயில்ல போடுவாங்களா?"

"ஜெயில் இல்லைங்க. என் சட்டையை அவங்க பதினோரு வருஷமா தைக்கிறாங்க."

அவர் வாய் கொப்பளிக்கப் போனார்.

வியாழக்கிழமை அதிகாரி வந்தார். மெலிந்த மனிதர், தோளில் பை. கையில் அதே நாவல். அவள் கால்கள் முக்காலிக்கடியில் ஒன்றையொன்று தேடிக்கொண்டன. தொடக்கத்தைக் காலர்காரி சொன்னாள். உப்பு எடுக்கிற பலகையின் நீளம் வரை சொன்னாள். நடுப்பகுதியை மடிக்கிறவள் சொன்னாள். அதிகாரி முகம் மலர்ந்து, முடிவு என்ன என்று பொதுவாகக் கேட்டார். மாடிக்கே மூத்தவளான மேஸ்திரி அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னாள். பஸ், பெட்டி, தலை எல்லாம் வந்தது.

அவர் பின்பக்கங்களைப் புரட்டினார். மறுபடி புரட்டினார்.

"இந்தப் புத்தகத்திலே அப்படி இல்லீங்களே."

"இருக்கு சார். உங்களுதுல பக்கம் கிழிஞ்சிருக்கும், நல்லாப் பாருங்க," என்றாள் மேஸ்திரி அக்கா. வேறு பதிப்பாக இருக்கும் என்றாள் ஒருத்தி. ரேடியோ வாசித்த நூலகப் புத்தகம்தான் சரியான புத்தகம் என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் ஒரே நேரத்தில் ரேடியோவைப் பார்த்தார்கள்.

வேறு பதிப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வார்த்தை தொண்டை வரை வந்தது. மென்று விழுங்கினாள்.

"அவர் புத்தகம் சரிதான். முடிவு நானா மாத்திச் சொன்னது."

அதிகாரி சங்கடத்தோடு பையின் பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். அப்படியானால் இவர்கள் ஓட்டுப் போட்டது இந்த நாவலுக்கு இல்லை, சீட்டுகளைத் தள்ளத்தான் வேண்டும் என்றார். முதலில் பேசியது பொத்தான் அக்கா.

"கொஞ்சம் இருங்க சார். புத்தகத்திலே இருக்கறதை அவ இப்போ படிக்கட்டும். கேட்டுட்டு நாங்க சொல்றோம்."

பதினோரு பக்கம். முதல் பக்கத்தில் அவள் குரல் இரண்டு முறை உடைந்தது. துணி மூட்டை வந்த இடத்தில் யாரோ முந்தானையை எடுத்தார்கள். அவள் நிமிரவில்லை, நிமிர்ந்தால் மறுபடி பொய் வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. பொத்தான் அக்காவின் ஊசி ஏறி இறங்குகிற சத்தம் மட்டும் கடைசி வரி வரை நிற்கவே இல்லை.

புத்தகத்தை மூடியதும் அக்கா நூலைப் பல்லால் கடித்தாள்.

"எனக்காகத்தானே மாத்தினே?"

ரேடியோ தலையை மட்டும் ஆட்டினாள்.

"கதையிலே ஒருத்தி செத்தா என் பொண்ணுக்கு என்னடி ஆகும்? பதினோரு வருஷமா ரெண்டு சட்டை உனக்குச் சேத்துத் தைக்கிறேன். இதைத் தாங்க மாட்டேன்னு நினைச்சிட்டியே."

திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. சத்தமே போடாமல் சொன்னதுதான் உள்ளே போய்த் தைத்தது.

அதிகாரி வெற்றுச் சீட்டுகளை எடுத்து நீட்டினார். இந்த முறை அவரவர் கையால். எழுத்துக் கூட்டுகிறவர்கள் நான்கைந்து பேர் இருந்தார்கள். மணி அடிக்கும் வரை ஆயிற்று. ரேடியோவுக்குச் சீட்டைக் காட்ட யாரும் வரவில்லை. அவளும் போய்ப் பார்க்கவில்லை. முப்பத்தாறும் செல்லும் என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார். எந்த நாவலுக்கு என்று அவர் சொல்லவில்லை.

மறுநாள் காலை மூன்று மாடி ஏறுவதற்குள் அவளுக்கு நான்கு இடத்தில் மூச்சு வாங்கியது. பழைய மேசையில் எழுபத்திரண்டு சட்டை காத்திருக்கும் என்று நினைத்தாள். பையில் கத்தரிகூட எடுத்து வைத்திருந்தாள். மேசை காலியாக இருந்தது. சட்டைகள் ஏற்கெனவே ஆளுக்கு இரண்டாகப் போயிருந்தன. ஆனால் முக்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு முக்காலி போட்டிருந்தது. அதில் காலர்காரி, மடியில் காலர்களோடு, கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நீ வாசிக்க வாசிக்க நான் விரலை வைத்துக்கொண்டே வருவேன், எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள்தானே, மெதுவாகவே வாசி என்றாள்.

ரேடியோ புது நாவலை எடுத்து முதல் பக்கத்தைப் பிரித்தாள். மேஸ்திரி அக்கா கையை நீட்டித் தடுத்தாள்.

"முதல்ல கடைசி அத்தியாயத்தைப் படி. அது எங்களுக்குத் தெரிஞ்சுட்டா, நடுவுலே நீ என்ன வேணா பண்ணிக்கோ."

"அப்போ கதை கேக்கறதுலே என்ன சுகம் இருக்கு அக்கா?" என்று ரேடியோ மெல்லக் கேட்டாள்.

"உன்னை நம்பறதுலே இருந்த சுகம் போச்சு," என்றாள் பொத்தான் அக்கா, ஊசியில் நூல் கோத்தபடி. "அது வர்ற வரைக்கும் இப்படித்தான். படி."

ரேடியோ பின்பக்கத்திலிருந்து பிரித்தாள். காலர்காரியின் விரல் வந்து முதல் வார்த்தையின் கீழே நின்றது.