கஞ்சி தண்ணீரான மதியம்

முதலில் கண்ணில் பட்டது எண்ணெய். கழிப்பறைத் தண்ணீரின் மேல் வட்டம் வட்டமாக மிதந்தது. இதைப் போய் யாரிடம் சொல்வது? நான் வாயைத் திறக்கவில்லை, உடம்பு காட்டிக்கொடுத்துவிட்டது. மல்லசமுத்திரத்தில் ஊருக்கெல்லாம் ஜாக்கெட் தைப்பவள் நான். என்னுடையதை மட்டும் மாதாமாதம் உள்ளே பிடித்துத் தைத்துக்கொண்டே வந்தேன்.

மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்கு ஓடும் வலி பல வருடமாகவே உண்டு. வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்தே காலத்தை ஓட்டியிருந்தேன். சேலத்தில் ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, நாள்பட்ட கணைய அழற்சி என்றார் (கணையம் இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் உறுப்பு, உணவைச் செரிக்க வைக்கும் நொதிகளைச் சுரப்பது). என் கணையத்தில் கல் சேர்ந்து, சுரப்பு அநேகமாக நின்றுபோயிருந்தது.

"நீங்க நல்லாத்தான் சாப்பிடறீங்க. சாப்பிட்டது உடம்புல சேர மாட்டேங்குது," என்றார். "இனிமே அந்த நொதியை வெளியில இருந்து குடுக்கணும். ஒவ்வொரு வேளை சாப்பாட்டோடயும். இல்லைன்னா இன்னும் மெலிஞ்சுட்டேதான் போவீங்க."

அவர் எழுதித் தந்த கேப்சூலுக்குள் இருப்பது பன்றியின் கணையத்திலிருந்து எடுப்பது, ஆட்சேபம் உண்டா என்றும் கேட்டார். "உசுரு பொழச்சாப் போதுமுங்க," என்றார் என் கணவர் பழனிசாமி. எனக்கோ கும்பிட வேண்டும் போலிருந்தது. எங்கோ வாழ்ந்து முடிந்த ஒரு ஜீவன் எனக்காகச் செரித்துக் கொடுக்கப்போகிறது.

பழனிசாமி நாமக்கல் பக்கம் ஒரு கோழித் தீவன ஆலையில் கலவை மெஷின் ஓட்டுபவர். நொதி என்றால் என்சைம் என்று டாக்டரம்மா சொன்னதும் அவர் முகம் தெளிந்துவிட்டது. கோழிக்குச் செரிக்கட்டும் என்று தீவனத்திலும் அதைப் பொடியாகக் கலப்பார்களாம். "இது நம்ம வேலைதான் புள்ள. நான் பாத்துக்கறேன்."

அந்தப் பெரிய கேப்சூலை விழுங்க முடியாமல் எனக்குக் குமட்டியது அவருக்கு வசதியாகப் போயிற்று. பிரித்துப் பார்த்தார். உள்ளே கடுகைவிடச் சின்ன உருண்டைகள். அவற்றை நன்றாக நுணுக்கி, சோறு முழுக்க ஒரே சீராகப் பிசைந்து வைத்தார். நானும் நல்ல முட்டைக்கோழியாக உட்கார்ந்து தின்றேன்.

சில நாளிலேயே வாய் புண்ணாகிவிட்டது. நாக்கு, அண்ணம், உதட்டின் உள்பக்கம் எல்லாம் தோல் உரிந்து, பச்சைத் தண்ணீர் பட்டாலும் எரிந்தது. எண்ணெய் மிதப்பதும் நிற்கவில்லை. இந்த மருந்துக்கு வயிற்றுவலி, உப்புசம், மலச்சிக்கல், வாய்ப்புண் என்று பக்க விளைவுகள் உண்டு என்றார் மருந்துக்கடைக்காரர். நிறுத்திவிடுவதென்று முடிவு செய்தேன். உருகிச் செத்தாலும் பரவாயில்லை, வாய் எரியாமல் சாகலாம் என்றே தோன்றியது.

"இந்த ஒரு நேரம் மட்டும் கஞ்சி குடிச்சுப் போடு சாமி," என்று அவர் கெஞ்சினார். அரிசிக் கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி, வெதுவெதுப்பாக ஆற்றி, பொடியைக் கலந்து என் முன்னால் வைத்தார். கரண்டியை நட்டால் நிற்கும் பதம். ஆலையிலிருந்து போன் வரவே வாசலுக்குப் போனார். நான் மனசில்லாமல் கிண்ணத்தைப் பார்த்தபடி இருந்தேன்.

நட்டு வைத்த கரண்டி மெல்லச் சாய்ந்தது.

அவர் திரும்பி வரும்போது கிண்ணத்தில் வடிகஞ்சிதான் இருந்தது.

"தண்ணி ஊத்துனயா?"

"நான் தொடவே இல்லீங்க."

நம்பாமல் இன்னொரு கிண்ணம் கலந்தார். இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். அடுப்பில்லை, கிண்டுவதற்கு ஆளில்லை. கஞ்சி தானாக இளகி, தானாக நீர்த்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவர் முகம் மட்டும் வெளுத்துப்போயிற்று. "இதையா உன்ற வாயில போட்டேன்?" என்றார்.

மறுநாள் டாக்டரம்மாவிடம் அவரே எல்லாவற்றையும் சொன்னார். "அந்த உருண்டை மேல ஒரு பூச்சு இருக்குதுங்க," என்றார் டாக்டரம்மா. "இரைப்பையோட அமிலத்தைத் தாண்டி, சிறுகுடலுக்குப் போனாத்தான் அது கரையும். நீங்க நுணுக்கிட்டீங்க. வாயிலயே வேலையை ஆரம்பிச்சிருச்சு. மிச்சம் அமிலத்துல வீணாப்போச்சு. கஞ்சி எது, வாய் எதுன்னு அதுக்குத் தெரியாது."

"என்ற வயித்துக்குள்ளயும் இத்தனை வருசம் இதுதானுங்களே இருந்துச்சு? அது ஏனுங்க என்னையத் திங்கலை?" என்று கேட்டேன்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "கணையம் அதைத் தூங்க வெச்சே வெச்சிருக்கும். குடலுக்குப் போன பிறகுதான் அது முழிக்கும். உங்களுக்கு உள்ளேயே முழிச்சுக்கிச்சு. நீங்க வாயுன்னு நெனச்சீங்களே, அந்த வலிதான் அது."

பஸ்ஸில் வீடு திரும்பும் வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். இட்லி தின்று, மெஷின் மிதித்து, அக்கம்பக்கத்தில் வம்பளந்து கழித்த அத்தனை வருடமும், என்னையே கரைக்கக்கூடிய ஒன்றை ஓர் உறுப்பு சத்தமில்லாமல் தூங்க வைத்து என்னைக் காப்பாற்றியிருக்கிறது. எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பழுதாகிப்போன உடம்பு என்று அதுவரை சலித்துக்கொண்டிருந்தவளுக்கு, இத்தனை காலம் பழுதாகாமல் இருந்ததுதான் பெரிய அதிசயமாகப்பட்டது.

இதே மருந்தை எடுத்துக்கொள்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உடைக்காமல், மெல்லாமல் விழுங்குங்கள். முடியவில்லை என்றால் நீங்களாக வழி கண்டுபிடிக்காமல் டாக்டரைக் கேளுங்கள். "சோறும் மருந்தும் ஒரே பஸ்ல போகணும்," என்பார் எங்கள் டாக்டரம்மா. சாப்பிட்டு முடித்து வெகுநேரம் கழித்துப் போட்டால் பஸ் போயிருக்கும். ஒழுங்காக விழுங்கத் தொடங்கியதும் எனக்கு உப்புசம் வந்தது, மலச்சிக்கலும் வந்தது. மறைக்காமல் சொன்னேன், அளவை மாற்றித் தந்தார். வலி இன்னும் எப்போதாவது எட்டிப்பார்க்கிறது.

வாய் ஆறிவிட்டது. தண்ணீரில் எண்ணெய் மிதப்பதில்லை. பிடித்துத் தைத்த ஜாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுக்கொண்டிருக்கிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் பின் மெஷின் மிதிக்கும்போது சில சமயம் கால் தானாக நின்றுவிடும். இந்நேரம் உள்ளே பூச்சு கரைந்துகொண்டிருக்கும். முன்பெல்லாம் சாப்பிட்டு எழுந்தால் சாப்பாடு முடிந்தது. இப்போது அங்கேதான் அது தொடங்குகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை பழனிசாமி மறுபடியும் கெட்டியாகக் கஞ்சி காய்ச்சினார். கரண்டியை நட்டு வைத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தார். இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். கரண்டி அசையவில்லை.

முதல் வாயோடு கேப்சூலை முழுசாக விழுங்கினேன்.