ஒன்பது கட்டங்களும் கேமரா அக்காவும்

“தொடர் கண்காணிப்பாளர்: எந்நேரமும் விழிப்புடன் இருந்து, சந்தேகத்துக்கிடமான நடமாட்டங்களை உடனுக்குடன் கண்டறிபவர்.” கிடங்கு நிர்வாகம் கேமரா அக்காவைப் பற்றி இப்படித்தான் எழுதி வைத்திருந்தது. பதினொரு ஆண்டுகளில் அவள் கண்டறிந்தது ஒரு பூனை. அதுவும் முதலில் அதுதான் அவளைப் பார்த்தது.

ஜன்னல் இல்லாத அறை. எதிரே வரிசைக்கு மூன்றாக ஒன்பது திரைகள். ஒன்பதிலும் கிடங்கின் உட்புறம்தான். பொருத்தியவனுக்கு என்ன அவசரமோ, எண்களை மேலிருந்து கீழாகப் போட்டுவிட்டுப் போய்விட்டான். அக்காவின் கண்ணும் அப்படியே பழகிப்போனது. வெளியே மழையா வெயிலா என்பதை, அடுத்த ஷிப்டுக்கு வருபவரின் சட்டையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள்.

சரக்கு முற்றத்தில், திறந்த வெளியில், ஒரு வேலையிடம் காலியாகியிருந்தது. இடமாற்ற மனு கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். இப்படி இடம் காலியாகும்போதெல்லாம் அவள் மனு எழுதுவாள். எழுதி, இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிடுவாள். இந்த முறையும் அப்படித்தான்.

வியாழக்கிழமை மதியம், தங்கை மகள் கொடுத்த படக்கதையின் கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். எங்கோ ஒரு கோளில் தன்னந்தனியாக ஒரு நிலையத்தைக் காக்கும் பெண்ணின் கதை. பேச்சே கிடையாது, பக்கத்துக்கு ஒன்பது கட்டங்கள், அதுவும் வரிசைக்கு மூன்றாக. அந்தப் பெண் உட்கார்ந்திருக்கிறாள், இருக்கிறாள், இருந்துகொண்டே இருக்கிறாள். பிறகு நிதானமாகக் கவச உடையை மாட்டுகிறாள். கதவு விரியத் திறக்கிறது, பாதியாகிறது, மூடிக்கொள்கிறது. போயே போய்விட்டாள்! அக்கா மனுவை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

“எப்படியோ தப்பிச்சுட்டாடி, மகராசி!” என்றாள் மாலையில், புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபடி.

“யாரு பெரியம்மா தப்பிச்சா?” தங்கை மகள் பக்கத்தைப் புரட்டினாள். “ஐயோ, இடமிருந்து வலமா பாருங்க. ஒரு வரிசை ஒரு நாள். தினமும் உக்காந்திருக்கா, உடுப்பு மாட்டுறா, கதவைத் திறக்கிறா, திரும்பி வந்துடறா. ரெண்டாம் நாள் பாதிக் கதவு. மூணாம் நாள் கதவையே தொடல. உள்ளதான் இருக்கா. படம் பார்க்கக்கூடத் தெரியாதா உங்களுக்கு?”

“மேலேர்ந்து கீழ பார்க்கத்தாண்டி எனக்குச் சம்பளமே குடுக்கிறாங்க.”

சொன்னாளே தவிர, வரிசைப்படி மறுபடி பார்த்தாள். சின்னவள் சொன்னதுதான் சரி. சரியாகப் பார்த்தால் அது அவளுக்கு மனப்பாடமான கதை. தெரிந்துகொள்ளப் புத்தகம் தேவையில்லை.

“அழகா இல்ல, பெரியம்மா?”

“அழகுக்கென்ன குறைச்சல். அவளுக்குத்தான் மூச்சு முட்டுது.”

அன்றிரவு கைப்பையிலிருந்த மனுவை இரண்டு முறை வெளியே எடுத்தாள்; இரண்டு முறையும் உள்ளேயே வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, ஒன்பது திரைகளையும் யாரும் பார்க்காமல் விட்டுவிட்டு, மாடியேறிப் போய் மேற்பார்வையாளரிடம் மனுவைக் கொடுத்தாள்.