காற்றோட்டமான கல்லா

"ஊதுங்க, ஊதுங்க, இன்னும் ஊதுங்க, விட்டுடாதீங்க." கும்பகோணத்தில் ஒரு நெஞ்சக ஆஸ்பத்திரியின் ஸ்பைரோமெட்ரி அறையில் இப்படிக் கத்துவதுதான் பல வருஷமாக என் வேலை. நுரையீரலிலிருந்து காற்று எவ்வளவு, எத்தனை வேகமாக வெளியே வருகிறது என்று மெஷின் அளக்கும். நான் கத்தாவிட்டால் பாதி மூச்சிலேயே நிறுத்திவிடுவார்கள். போலீஸ்காரர்கள் ஊதச் சொன்னால்கூட இவ்வளவு அதட்ட மாட்டார்கள் என்று என்னைக் கேலி செய்தவர், பித்தளைப் பாத்திரக் கடை சாமிநாதன். அவருக்கு நான் சிஸ்டர். நர்ஸ் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் அப்படியே இருந்துவிட்டேன்.

ஒரு தடவை ஊத வந்தபோது கேலி பண்ணக்கூட அவருக்கு மூச்சில்லை. ஒரே வருஷத்தில் மூன்றாவது முறையாக அட்மிட் ஆகி எழுந்து வந்திருந்தார். சி.ஓ.பி.டி., மூச்சுக்குழாய் சுருங்கி அடைக்கிற தீராத நோய். பீடி, சிகரெட் தொடாத மனிதர். இளவயதில் பாத்திரப் பட்டறையில் குடித்த கரிப்புகை. இன்னொரு தடவை இப்படி வந்தால் வீட்டோடு ஆக்சிஜன்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் மனைவி என்னிடம் வந்து அழுதார். கடைக்குப் போக முடியாவிட்டால் மனுஷர் உடைந்துபோய்விடுவார் என்று அவருக்குப் பயம்.

ஏன் திரும்பத் திரும்ப முற்றுகிறது என்று எனக்கோ மண்டைக் குடைச்சல். நான் கொஞ்சம் துருவுகிற ஆள். இன்ஹேலரை என் முன்னால் இழுக்கச் சொன்னேன், சரியாகத்தான் இழுத்தார். வீட்டில் கேஸ் அடுப்பு. கொசுவத்தி கிடையாது. சாம்பிராணியைக்கூட நிறுத்தியிருந்தார்கள். வலங்கைமானில் மகள் வீட்டில் இருந்தபோது மட்டும் இரைக்காமல் மாடிப்படி ஏறினாராம். ஊர் திரும்பியதும் பழைய இரைப்பு. மகள் சமையலா, மருமகன் உபசாரமா என்று கேட்டேன். அந்த அம்மா அழுகையிலும் சிரித்துவிட்டார்.

நேரிலேயே பார்த்துவிடலாம் என்று ஒரு சாயங்காலம், சொம்பு வாங்குகிற சாக்கில் கடைக்குப் போனேன். கல்லாப்பெட்டியோடு வாசலில், ரோட்டை ஒட்டி உட்கார்ந்திருந்தார். எதிரிலேயே டவுன் பஸ் நிற்கிற இடம். ஒரு பஸ் ஆட்களை ஏற்றிக்கொண்டு உறுமியபடி கிளம்பியது. புகை மொத்தமும் அவர் முகத்தில் அடித்தது.

ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"காத்தோட்டமா இருங்கன்னு நீங்கல்லாம்தானே சொன்னீங்க சிஸ்டர்? உள்ள ஒரே புழுக்கம். அதான் முதல் தடவை படுத்து எழுந்ததுமே கல்லாவை இங்க கொண்டாந்துட்டேன்" என்றார் பெருமையாக.

எங்கள் ஆஸ்பத்திரியில் எல்லாரும் எல்லாரிடமும் சொல்வதுதான் அது. காற்று வீசினால் நல்ல காற்று என்பதில் நம்மூரில் யாருக்கும் சந்தேகமே வராது.

நான் முன்வரிசைக் குடம் ஒன்றில் விரலை வைத்து இழுத்தேன். கறுப்பாக ஒட்டியது. உள்ளே போய்ப் பின்வரிசைக் குடத்தில் இன்னொரு விரலை இழுத்தேன். வெறும் தூசி. இரண்டு விரலையும் அவரிடம் நீட்டினேன். முன்னால் இருப்பதைத் தினமும் துடைக்கிறோம், உள்ளே இருப்பதற்கு வாரம் ஒரு தடவை போதும் என்று அவரே சொல்லிக்கொண்டு வந்தவர், சட்டென்று நிறுத்தினார். கை நெஞ்சுக்குப் போனது.

"குடத்தைத் துடைச்சுடலாம். இதை எப்படிங்க துடைக்கிறது?"



மறுநாளே கல்லா உள்ளே போனது. பின்பக்க ஜன்னலைத் திறந்து ஒரு ஃபேனும் போட்டார்கள். போன நுரையீரல் திரும்பாது. மெஷினில் அவர் எண் ஏறவில்லை. ஆனால் இறங்கவும் இல்லை. ஆக்சிஜன் இல்லாமல் கடைக்குப் போய்வருகிறார்.

சில மாதம் கழித்து செக்கப்புக்கு வந்தபோது, அவர் கடை வாசலில் பூ விற்கிற அம்மாவையும் கூட்டி வந்தார். ஓயாத இருமல். எனக்கு ஒரே சந்தோஷம், காரணம்தான் கையில் இருக்கிறதே. பஸ் நிற்கிற இடத்தை விட்டுத் தள்ளி உட்காருங்கள் என்று உடனே சொன்னேன்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். "பஸ்ஸுக்கு நிக்கிறவங்கதாம்மா பூ வாங்குறாங்க."

பகல் முழுக்க எங்கே உட்கார்ந்திருப்பீர்கள் என்று சாமிநாதனுக்குப் பிறகு எல்லாரிடமும் கேட்கிறேன். அங்கிருந்து எழுந்து போக உங்களுக்கு வேறு இடம் இருக்கிறதா என்று கேட்காமல், தள்ளி உட்காருங்கள் என்று மட்டும் இப்போது யாரிடமும் சொல்வதில்லை.