கப்பலில் போன மோஸியும் கல்லைப் பார்த்த அட்ராக்டாவும்

மோஸி ஸ்கேனல் என்ற பெயரை அட்ராக்டா முதன்முதலில் கேட்டது தன் அப்பாவின் சாவில். அயர்லாந்தின் வடமேற்கில், ஸ்லைகோவில் அவர்கள் வீடு. கூடத்தில் சவப்பெட்டி, அடுக்களையில் டீயும் பன்றிக்கறி ரொட்டியும். பெட்டிக்குப் பக்கத்தில் ஒருத்தன் நின்று அழுதுகொண்டிருந்தான்.

"யாருடி அவன், நம்மளவிட நல்லா அழுவுறான்?" என்றாள் அத்தை.

"மோஸி ஸ்கேனலாம். காசில்டவுன்பேர்லருந்து மீன் லாரியில வந்தவனாம். வழியில சாவுன்னு கேட்டு இறங்கிட்டானாம்," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

மறுவருஷம் அட்ராக்டா அவனைக் கட்டிக்கொண்டு தெற்கே போனாள்.

மீனுக்கு ஐஸ் அடிக்கும் இடத்தில் மோஸிக்கு வேலை. சாவுக்குப் போவது அந்த ஊரில் எல்லாருக்கும் உள்ள பழக்கம்தான். வரிசையில் நின்று வீட்டாருக்குக் கை கொடுக்க வேண்டும், "ரொம்ப வருத்தமா இருக்கு" என்று சொல்ல வேண்டும், சூப்பைக் குடிக்காமல் வரக் கூடாது. மற்றவர்கள் தெரிந்தவர் சாவுக்குப் போவார்கள். மோஸி, தெரிந்தவருக்குத் தெரிந்தவர் சாவுக்கும் போவார். காலையில் ரேடியோவில் இறந்தவர் பெயர்களை வாசிக்கும்போது அந்த வீட்டில் கரண்டி சத்தம் கேட்கக் கூடாது.

அவர் வேலையிலிருந்து நின்றதும் பிள்ளைகள் சேர்ந்து இரண்டு பேரையும் கப்பலில் அனுப்பினார்கள். அயர்லாந்தை ஒரு சுற்று சுற்றும், துறைக்குத் துறை நிற்கும். அட்ராக்டாவுக்கு ஒரே ஆசை. பெல்ஃபாஸ்டில் இறங்கி, வடகரையில் கடலுக்குள் இறங்கும் கல்தூண்களை, ராட்சசன் பாதை என்பார்களே, அதைப் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் போனபோது அவளுக்குப் பொன்னுக்குவீங்கி. கல்யாணத்துக்குப் பிறகு கிளம்பிய தடவையெல்லாம் யாராவது செத்தார்கள்.

பெட்டி அடுக்கும்போதே கேட்டாள். "கறுப்பு டை எதுக்கு?"

"கப்பல்ல சாப்பாட்டுக்குக் கட்டிக்க."

கோவ் துறையில் கப்பல் கிளம்புவதற்கு முன்னாலேயே ஒரு சாவு. டப்ளினில் ஒன்று. இரண்டுக்கும் மோஸி அந்தக் கறுப்பு டையைக் கட்டிக்கொண்டு போய்வந்தார். பெல்ஃபாஸ்டில் காலைச் சாப்பாட்டின்போது மோஸி போனைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

"ஓவன் மகீ போயிட்டாராம். இங்கதான், முந்தாநாள். இன்னைக்கு சர்ச்சுல பூசை, அடக்கம். நமக்குச் சொந்தம்."

"உனக்குச் சொந்தமே இல்ல. உங்க பெரியம்மா மவ ஒருத்தரைக் கட்டினா. அவ செத்தப்புறம் அவர் ரெண்டாந்தாரமா கட்டினாரே, அவளோட அண்ணன்தான் ஓவன் மகீ."

"அதான் சொல்றேன், சொந்தம்."

"மோஸி, நான் அந்தக் கல்லைப் பாக்கணும்."

"கல்லு எங்க போவுது? ஓவன் இன்னைக்கே போயிருவார்." கல்லைப் பார்க்கப் போகும் பஸ் கிளம்புவதற்குள் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பஸ்ஸில் அட்ராக்டா தன் கோட்டைப் பக்கத்து இருக்கையில் போட்டு வைத்தாள். ஓட்டுநர் வந்து, "வீட்டுக்காரர் வரலையாம்மா?" என்றார்.

"சாவுக்குப் போயிருக்கார்."

ஓட்டுநர் உடனே கை நீட்டினார். "ரொம்ப வருத்தமா இருக்கும்மா." பின்னால் இருந்தவர்களும் எழுந்து வரிசையாக வந்து கை கொடுத்தார்கள். யார் செத்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அட்ராக்டா எல்லாருக்கும் நன்றி சொன்னாள். வேறு என்ன செய்வாள்? மோஸி வரவில்லை. பஸ் கிளம்பியது. அவள் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

கற்கள் அங்கேதான் இருந்தன. தேன்கூட்டை அடுக்கியதுபோல ஆறு ஆறு பக்கமாக, கடல் வரைக்கும். ஒன்றில் உட்கார்ந்தாள். யாரும் அவளை எழுப்பவில்லை, யார் செத்ததையும் சொல்லவில்லை. ஓட்டுநர் வந்து கூப்பிடும்வரை அலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் கப்பலில் மோஸி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தார்.

"தப்பான சர்ச்சுக்குள்ள போயிட்டேன். முன்வரிசை முழுக்கக் கை கொடுத்துட்டுப் பெட்டிமேல போட்டோவைப் பாத்தா, ஒரு கிழவி."

"வெளிய வர வேண்டியதுதானே."

"எப்படி வர்றது? கை கொடுத்தாச்சு. அவ மவ என்னைப் பிடிச்சு, எங்கம்மாவை உங்களுக்கு எப்படித் தெரியும்னா. நல்ல மனுஷின்னேன். அப்படிச் சொன்ன மொத ஆளு நீங்கதான்னு சொல்லி, பக்கத்துல உக்காரவெச்சு சாப்பாடு போட்டா." டையை அவிழ்த்துக்கொண்டே, "கல்லு எப்படி இருந்துச்சு?" என்றார்.

"நிறைய இருந்துச்சு. உனக்குத் தெரிஞ்ச கல்லு ஒண்ணுகூட இல்ல."

கால்வே துறைக்கு முந்தின நாள் மோஸியே பேச்செடுத்தார். "நாளைக்கு அங்க கடலோரத்துல நிக்கிற மலைப்பாறையைப் பாக்க நானும் வரேன். போனைக் கப்பல்லயே வெச்சுடறேன்."

அட்ராக்டா யோசித்தாள். கோபம் ஒன்றும் மிச்சமில்லை.

"வேணாம் மோஸி. நீ உன் வேலையைப் பாரு. தனியா பாத்தா நல்லா தெரியுது."

இந்த வாரம் அட்ராக்டா நார்வே பக்கம் கப்பலில் இருக்கிறாள், நாத்தனாரோடு. மோஸி காசில்டவுன்பேரில், வீட்டில் ரேடியோ முன்னால் இருக்கிறார்.