ஏ போட வேண்டிய இடத்தில் டபிள்யூ

அக்காவின் குரல்வளையை எடுத்துவிட வேண்டும், அதற்குப் பிறகு பேச்சு வராது என்று ஈப்போ ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஆபரேஷனுக்கு நான்கு நாள்தான் இருந்தது. பக்கத்து ஊரான செமோரில் பள்ளிக்கூட கேன்டீன் நடத்துகிறவள் அவள். "வரிசையில நில்லுங்கலா!" என்று ஒரு சத்தம் போட்டால் சாலைக்கு அந்தப் பக்கம் போகிறவனும் நின்றுவிடுவான். அந்தக் குரலை இழந்துவிட எனக்கு மனசு வரவில்லை.

எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டங்களில் பழக்குலை எண்ணுகிறவர்கள் கையில் ஒரு சின்னக் கருவி வைத்திருப்பார்கள். அதற்கு சி மொழியில் நிரல் எழுதுவதுதான் என் வேலை. பழைய கருவி ஒன்றை மேனேஜரிடம் கேட்டு வாங்கி வந்து, அக்காவுக்காகப் புதிதாக ஒரு நிரல் எழுதினேன். ஒரு பொத்தானை அமுக்கிப் பிடித்தால் குரலைப் பதியும், இன்னொன்றை அமுக்கினால் கடைசியாகப் பதிந்ததைப் பேசும், மேலும் அமுக்க அமுக்க முந்தியவற்றுக்குப் போகும். பதிகிற வார்த்தையெல்லாம் ஒரே கோப்பில் ஒன்றன்பின் ஒன்றாகப் போய் உட்காரும். அப்படித்தான் நினைத்தேன்.

சனிக்கிழமை காலை அவள் சமையலறையில் உட்கார்ந்து பதிந்தோம். "தண்ணி." "வலிக்குது." "ஜன்னலைத் தொற." நடுவில் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னடி இது, நோயாளி பேச்சாவே இருக்கு! ரெண்டு கெட்ட வார்த்தையும் சேத்துக்கலா" என்றாள். சேர்த்தேன். ஒவ்வொன்றையும் பதிந்த உடனே போட்டுக் கேட்டோம். கொஞ்சம் கரகரப்பு, ஆனாலும் அவள் குரலேதான். நாற்பது வார்த்தை ஆனதும் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, நிறுத்திவிட்டோம்.

ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள், வார்டுக்குப் போகும் முன் காரிலேயே கருவியைத் திறந்து பார்த்தேன். கோப்பில் பதிவு ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

அடிப்பாவி! கோப்பைத் திறக்கும் வரியில் 'ஏ' போட்டால் பழையதற்குப் பின்னால் சேர்த்து எழுதும். 'டபிள்யூ' போட்டால் இருப்பதைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து எழுதும். நான் டபிள்யூ போட்டிருந்தேன். ஒவ்வொரு வார்த்தையும் அதற்கு முந்தியதை அழித்துக்கொண்டே வந்திருக்கிறது. கடைசியாகப் பதிந்ததை மட்டும் கேட்டுக் கேட்டுத் தலையாட்டியிருக்கிறேன். ஆபீசில் வேறு யாராவது இந்தத் தப்பைச் செய்தால் காய்ச்சி எடுப்பவள் நான். பதினெட்டு வருஷ அனுபவமாம், மண்ணாங்கட்டி! மிச்சமிருப்பது எது என்று போட்டுக் கேட்கவும் தைரியம் வரவில்லை.

அக்கா கழுத்தில் குழாயோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கருவிக்காகக் கை நீட்டினாள்.

"எல்லாம் போச்சுக்கா. நான்தான் அழிச்சிட்டேன். ஒன்னுதான் மிச்சம்" என்று சொல்லி, வார்டே பார்க்க அழுதேன். அவள் கருவியை என் கையிலிருந்து பிடுங்கி அமுக்கினாள். அவளுடைய பழைய குரல் வந்தது.

"போதும்லா. நீ மொதல்ல சாப்டியா இல்லியா?"

அன்றைக்குச் சமையலறையில் நாற்பத்தொன்றாவதற்காக நான் பொத்தானை அமுக்கியபோது, வார்த்தைக்குப் பதிலாக அவள் என்னைக் கேட்டது அது. அதுவும் பதிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அக்காவின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. சத்தமில்லாமல் அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"சாப்டேன்க்கா" என்றேன். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை.

அவள் நம்பவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே மறுபடியும் அமுக்கினாள்.