முனிராஜ் சொன்ன ஸ்கோர்

முனிராஜ் ஜெயித்ததை எல்லாம் ஒன்று விடாமல் சொல்ல அவன் அக்கா யசோதாவால் மட்டும்தான் முடியும். பெங்களூர் ஆஸ்டின் டவுனிலிருந்து டென்னிஸ் கிளப்புக்குப் பந்து பொறுக்கப் போன பத்து வயதில், மெம்பர் வீட்டுப் பையன் ஒருவனைப் பழப்பெட்டிப் பலகையால் ஆடி ஆறுக்கு நாலு என்று ஜெயித்தான். அந்தப் பையனின் பழைய ராக்கெட் பரிசாகக் கிடைத்தது. பதினெட்டு வயதில், மெம்பர்களுக்கு எதிரே நின்று ஆடிக்கொடுக்கும் மார்க்கர் வேலைக்கு ஐந்து பேர் வந்து நின்றார்கள். அதில் ஒருவன் மேனேஜரின் மச்சான். வேலை முனிராஜுக்குத்தான் கிடைத்தது. மஞ்சள் காமாலையில் படுத்து எழுந்த கையோடு மார்க்கர்கள் போட்டிக்குப் போய், மைசூர்க்காரன் ஒருவனை மூன்று செட்டில் வீழ்த்தினான். அந்தக் கோப்பைக்கு ஒரு காது உடைந்துபோய், யசோதா ஒட்டி வைத்திருக்கிறாள். மெம்பர்கள் குடிக்கும் ஃபில்டரிலேயே மார்க்கர்களும் தண்ணீர் பிடிக்கலாம் என்று கமிட்டியைச் சொல்ல வைத்தவனும் அவன்தான். கடைசியாக, 2025 ஜனவரியில் மூளையில் ரத்தம் அடைத்து வலது பக்கம் செயலிழந்தபோது, இனி எழுந்து நிற்பது கஷ்டம் என்றார் டாக்டர். ஏப்ரலில் நின்றான். மே மாதம் யாரும் பிடிக்காமல் தெருமுனை பேக்கரி வரை நடந்தான்.

பேச்சு மட்டும் வரவில்லை.

வராமலே இருந்தது என்றும் சொல்ல முடியாது. "சாப்பிட்டியா முனி?" என்று கேட்டால், "தர்ட்டி லவ்" என்பான். தலை வலித்தால் "டியூஸ்". கோபம் வந்தால் "அவுட், அவுட்" என்று இடது கையை வீசுவான். சைபரை 'லவ்' என்று சொல்லும் டென்னிஸ் ஸ்கோர், கோர்ட்டில் இருபத்துச் சொச்சம் வருடம் சொல்லிச் சொல்லிப் பழகியது, அது மட்டும் நாக்கில் தங்கிவிட்டது.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் சொன்னாள்: "ரொம்பப் பழகின வார்த்தைங்க தப்பிச்சுக்கும்மா. பாட்டு, சாமி மந்திரம், எண்ணிக்கை, இதெல்லாம் தானா வரும். அதை வெச்சுப் பேச்சு வந்துடுச்சுன்னு நெனைக்காதீங்க." யசோதாவுக்கு இதில் முதல் பாதிதான் மனதில் நின்றது.

இடது கைக்கு வேலை கொடுக்கவேண்டும் என்று அந்தப் பெண் சிலேட்டும் பல்பமும் வாங்கச் சொல்லியிருந்தாள். முனிராஜ் இரண்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். எண்கள் தெரியும், எழுத்து கூடவில்லை. சம்பளத்துக்கு இத்தனை வருடமும் கட்டைவிரல்தான். ஏழாவது வரை படித்த யசோதா, சிலேட்டின் மேலே அவன் பெயரை எழுதிக் கீழே எழுதச் சொல்வாள். 'மு' என்று ஒரு எழுத்தைக் கோணலாகப் போட்டுவிட்டுப் பல்பத்தைத் தள்ளிவிடுவான்.

பக்கத்து வீட்டு யூனிஸ்தான் பகலில் அவனைப் பார்த்துக்கொண்டாள். வாய் ஓயாதவள். "பாத்தியாக்கா, சுகமாடான்னு கேட்டா என்னப் பாத்து லவ்வுன்றான் உன் தம்பி. எங்க வூட்டுக்காரர் காதுல வுழுந்துச்சுன்னா பேஜாராயிடும்!"

முனிராஜும் வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தான்.

மே மாதம் நடுவில், கிளப் செகரட்டரி சேஷகிரி ஆப்பிள் பையோடு பார்க்க வந்தார். மல்லேஸ்வரத்துக்காரர், நல்ல மனிதர். இத்தனை மாதமும் சம்பளத்தை நிறுத்தாமல் பார்த்துக்கொண்டவர். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் ஆப்பிளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். பிறகு, "யசோதாம்மா, கமிட்டில ஜூன் மாசம் ஒரு முடிவு எடுத்தாகணும்ங்கறா" என்றார்.

"ஃபிஃப்டீன் ஆல்" என்றான் முனிராஜ்.

சேஷகிரி திடுக்கிட்டுத் திரும்பினார். யசோதா அந்த நொடியை விடவில்லை. "ஸ்கோரெல்லாம் கரெக்டா சொல்றான் சார். ஆட முடியாது, சரி. அம்பயர் சேர்ல உக்கார வெச்சாப் போதும். அவனுக்குத் தெரியாத ரூலா?"

அவர் நாற்காலியை முனிராஜ் பக்கம் திருப்பிப் போட்டார். "ஜூன் ஒண்ணாந்தேதி வெட்டரன்ஸ் டபுள்ஸ் இருக்கு. ஒரு மேட்ச் அவன் ஒக்காரட்டும். சமாளிச்சுட்டான்னா, ஸ்கோர் சொல்ற வேலைன்னு ஒண்ணு போடச் சொல்லி நான் சண்டை போடறேன். முடியலேன்னா ரிட்டயர்மெண்ட்தாம்மா. அதுக்கப்புறம் என் கையில இல்லே."

அவனை அதற்குத் தயார்செய்ய யசோதாவிடம் ஒரு வழி இருந்தது. மே கடைசியில் பாரிஸில் பிரெஞ்சு ஓப்பன் தொடங்கும். முனிராஜ் வருடம் தவறாமல் பார்ப்பது அது ஒன்றைத்தான், ஏனென்றால் கிளப்பில் இருப்பதைப் போலவே அங்கேயும் செம்மண் கோர்ட். அதிலும் முதல் சுற்றுகள்தான் அவனுக்கு உயிர். ஃபைனலுக்குக்கூட அவ்வளவு ஆசையாக உட்கார மாட்டான். "பெரிய ஆளுங்க எப்பவும்தான் இருப்பாங்க யக்கா. மொத ரவுண்டுல வர்றவன் பேரே நமக்குத் தெரியாது. இன்னிக்குத் தோத்தா இன்னிக்கே பேக் கட்டணும். அவன் ஓடறான் பாரு, அதான் ஓட்டம்" என்பான். அப்படிச் சொன்னது போன வருடம். ஜனவரிக்குப் பிறகு 'யக்கா' என்ற சத்தம் அந்த வீட்டில் கேட்கவில்லை.

யூனிஸ் வீட்டு டிவியில் போட்டி வந்தது. யசோதா பொம்மனஹள்ளி கார்மெண்ட்ஸிலிருந்து வந்ததும், முகம் கழுவிக்கொண்டு தம்பியைக் கூட்டிப் போய் உட்கார வைப்பாள். கார்மெண்ட்ஸில் அவளுக்குச் செக்கர் வேலை. ஒப்புதல் ஆன சாம்பிள் சட்டையை மேஜையில் விரித்து வைத்து, தைத்து வரும் ஒவ்வொரு சட்டையையும் அதன் பக்கத்தில் போட்டுப் பார்ப்பாள். காலர், கஃப், பட்டன் இடைவெளி, உள்பக்கப் பிசிறு. சாம்பிளோடு ஒத்துப்போனால் பாஸ். அவள் பாஸ் செய்த சட்டை திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை என்று லைன் சூப்பர்வைசரே சொல்லுவார்.

அதே மாதிரிதான் இங்கேயும் செய்தாள். டிவித் திரையின் மேல் இடது மூலையில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் ஸ்கோர் மாறிக்கொண்டே வரும். ஒரு பாயின்ட் முடிந்ததும், "முனி, எவ்ளோ?" என்பாள்.

"தர்ட்டி ஃபிஃப்டீன்."

மூலையைப் பார்ப்பாள். முப்பது, பதினைந்து. சரி.

"இப்ப?"

"தர்ட்டி ஆல்."

சரி. ஒன்றுகூடப் பிசகவில்லை. எவனோ ஒல்லிப்பையன், பெயரில் மெய்யெழுத்தாகவே இருந்தது, செம்மண்ணில் சறுக்கிச் சறுக்கிப் பந்தை எடுத்து நாலாவது செட்டில் தோற்றுப்போனான். காலுறையெல்லாம் சிவப்பாக, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனான். முனிராஜ் அந்தப் பையன் மறையும்வரை பார்த்தான். பிறகு கோர்ட்டுக்காரர்கள் தரையில் பரப்பிய மண்வலையை இழுத்து மண்ணைச் சமன்செய்ய வந்தபோது, அவன் இடது கால் தரையில் தானாக அசைந்தது.

விளம்பரம் வந்தது. யசோதா சும்மா, "முனி, எவ்ளோ?" என்றாள். அவன் பேசவில்லை.

"அட்வர்டைஸ்மெண்ட் வந்தா இவனும் வாய மூடிக்கிறான்கா" என்றாள் யூனிஸ். "சோப்பு வெளம்பரத்துக்கு யாராச்சும் ஸ்கோர் சொல்வாங்களா? சும்னே அவன வதைக்காத. இன்னிக்கி இது போதும்."

யசோதாவுக்கும் அது நியாயமாகவே பட்டது. ஆட்டம் நின்றால் அம்பயரும் பேசாமல்தான் இருப்பார்.

அந்த வாரம் முழுவதும் அப்படியே போனது. மூன்றாவது சுற்று முடிவதற்குள் அவள் தம்பியை மனதுக்குள் பாஸ் செய்துவிட்டாள். விவேக் நகர் குழந்தை இயேசு கோயிலில் யூனிஸ் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தாள். யசோதா முனிராஜின் வெள்ளை டி-ஷர்ட்டைக் கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணினாள். முடிக்கற்றை நெற்றியில் விழாமல் வெட்டிவிட்டாள். ஷூ லேஸை இரண்டு முடிச்சாகக் கட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்டோவில் போய் இறங்கியபோது, கோர்ட்டுக்குத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்த கோவிந்தப்பா ஹோஸைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். முனிராஜோடு அங்கே மண் இழுத்துச் சமன்செய்த ஆள் அவர். "ஏன் குரு, சென்னாகிதீயா, நல்லாருக்கியா? நீ இல்லாம எவன் பெருக்கினாலும் கோர்ட் மூஞ்சி கொடுக்கல!" என்று கன்னடமும் தமிழுமாகச் சொல்லிக் கட்டிப்பிடித்தார்.

உயரமான அம்பயர் நாற்காலியில் ஏற முடியாது என்பதால், நெட் கம்பத்துக்குப் பக்கத்தில் சாதாரண நாற்காலி ஒன்று போட்டிருந்தார்கள். வயதான மெம்பர்கள் நாலு பேர் ஆட வந்தார்கள். எல்லோரும் முனிராஜிடம் ஆடிப் பழகியவர்கள். ஒவ்வொருவரும் வந்து அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். யசோதா கம்பிவேலிக்கு வெளியே, பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

முதல் பாயின்ட், சர்வ் போட்ட பக்கத்துக்கு. "ஃபிஃப்டீன் லவ்" என்றான் முனிராஜ், குரல் கணீரென்று.

அடுத்ததும் அவர்களுக்கே. "தர்ட்டி லவ்."

மூன்றாவது பந்தில் தகராறு வந்தது. சர்வ் போட்ட பக்கத்தார் அடித்த பந்து கோட்டின்மேல் பட்டதா, வெளியே விழுந்ததா? "முனி, நீயே வந்து பாருப்பா" என்றார் ஒருவர். செம்மண்ணில் விழுந்த பந்து தடம் விட்டுப் போகும். கீழே இறங்கி அந்தத் தடத்தைப் பார்த்துத்தான் அம்பயர் தீர்ப்புச் சொல்லுவார். முனிராஜ் எழுந்து வலது காலை இழுத்து இழுத்து நடந்தான். அங்கே பழைய தடங்கள் ஏழெட்டு இருந்தன. அவன் குனிந்து பார்த்து, தயங்காமல் ஒன்றைச் சுட்டினான். கோட்டுக்கும் தடத்துக்கும் நடுவே விரல்கூடப் போகாத இடைவெளி. "அவுட்."

அடித்தவரே கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். சேஷகிரி வேலிப்பக்கம் திரும்பி யசோதாவைப் பார்த்துத் தலையசைத்தார்.

முனிராஜ் திரும்பி வந்து உட்கார்ந்தான். ஸ்கோர் முப்பதுக்குப் பதினைந்து. அவன் சொல்வதற்காக நாலு பேரும் நின்றார்கள்.

அவன் சொல்லவில்லை. முகத்தைத் தூக்கி, மேலே, இடது பக்கம் பார்த்தான். அங்கே தூங்குமூஞ்சி மரத்தின் கிளையும் கொஞ்சம் வானமும் இருந்தன. பருந்து ஏதாவது பறக்கிறதோ என்று யசோதாவும் அண்ணாந்து பார்த்தாள். ஒன்றுமில்லை. அவன் கண்ணை அகற்றாமல் அதே மூலையில் எதையோ தேடினான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

கட்டத்தைத் தேடுகிறான். யூனிஸ் வீட்டு டிவியில் எந்த மூலையைப் பார்த்து அவள் சரி, சரி என்று பாஸ் போட்டாளோ, அதே மூலையைப் பார்த்துத்தான் அவனும் சொல்லிக்கொண்டிருந்தான். எண்களைப் படித்தான், அவ்வளவுதான். விளம்பரம் வந்தபோது வாயை மூடியதும் அதனால்தான். சட்டையைச் சரிபார்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, சாம்பிளின் பக்கத்தில் சாம்பிளையே போட்டுப் பார்த்திருக்கிறாள்.

"ஃபார்ட்டி லவ்" என்றான் முனிராஜ், பதினைந்து, முப்பது, நாற்பது என்று நாக்குக்குப் பழகிய வரிசையில்.

"தர்ட்டி ஃபிஃப்டீன், முனி" என்று ஒருவர் மெதுவாகத் திருத்தினார்.

அடுத்த பாயின்டும் எதிர்ப்பக்கத்துக்கு. "ஃபார்ட்டி லவ்" என்றான் மறுபடியும். தப்பு என்று அவனுக்குத் தெரிந்தது. தெரிந்ததுதான் கொடுமை. இடது கையால் தன் தொடையில் அறைந்தான். "ஃபார்ட்டி லவ். கேம். ஃபிஃப்டீன் லவ்." மெம்பர்கள் ராக்கெட்டின் நரம்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கோவிந்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு ஹோஸைச் சுருட்டினார்.

அந்த கேம் முடிந்ததும் சேஷகிரி வேலிக்கு வந்தார். யசோதா அவரைப் பேச விடவில்லை. "சார், ஒரு போர்டு வெச்சாப் போதும் சார். நம்பர் போட்ட போர்டு. அதப் பாத்துச் சொல்லிடுவான். ஒண்ணு தப்ப மாட்டான், நான் பாத்துட்டேன்."

"போர்டுல நம்பரை யாராவது மாத்தணுமே யசோதாம்மா" என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல். "மாத்தறவனே வாய்விட்டுச் சொல்லிட்டுப் போயிடலாமே."

யசோதா வேலிக்குள் போய்த் தம்பியின் கையைப் பிடித்து எழுப்பினாள். ஆட்டோவில் திரும்பும்போது முனிராஜ் ஷூவில் ஒட்டியிருந்த செம்மண்ணைத் தட்டாமல் உட்கார்ந்திருந்தான். வீட்டு வாசலில் யூனிஸ் நின்றாள். இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக எதுவும் கேட்காமல் உள்ளே போனாள். அன்று சாயங்காலம் பாரிஸில் நாலாவது சுற்று. யாரும் டிவி போடவில்லை.

மறுநாள் யசோதா லீவு சொல்லிவிட்டு அவனைக் கிளப் ஆபீசுக்குக் கூட்டிப்போனாள். சேஷகிரி காகிதத்தை ஒருமுறை தமிழில் விளக்கிச் சொன்னார். உடல்நிலை காரணமாக வேலையிலிருந்து தானே விலகிக்கொள்வதாக அதில் இருந்தது. கோவிந்தப்பா பழைய வழக்கப்படி மைப்பெட்டியைத் திறந்து மேஜையில் வைத்தார். "கட்டவெரல கொடு குரு" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

முனிராஜ் மைப்பெட்டியை இடது கையால் தள்ளி வைத்தான். சேஷகிரியின் சட்டைப்பையில் இருந்த பேனாவைக் காட்டினான். அவர் எடுத்து மூடியைக் கழற்றிக் கொடுத்தார். யசோதா காகிதம் நகராமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

மு. அதோடு தள்ளிவிடுவான் என்று பார்த்தாள். அவன் பேனாவை எடுத்துத் தள்ளி ஊன்றினான். னி. கொஞ்சம் சாய்ந்த ரா. ஜ வெகுநேரம் ஆனது. கடைசியில் அதன்மேல் புள்ளி, காகிதம் குழியும்படி.

அவள் பழக்கதோஷத்தால் எழுத்து எழுத்தாகப் பார்த்தாள். ஒன்றும் விட்டுப்போகவில்லை. பக்கத்தில் வைத்து ஒப்பிடச் சாம்பிள் எதுவும் அந்த மேஜையில் இல்லை.

"யசோதாம்மா, கீழே தேதி போட்டுடுங்கோ" என்றார் சேஷகிரி. அவள் பேனாவை வாங்கி, அவன் பெயருக்குக் கீழே, முத்து முத்தாகப் போட்டாள்: 2 ஜூன் 2025.