இடையிசையில் நயாகரா

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு குதிரைப் படம் பார்க்காவிட்டால் அன்புராசா அண்ணைக்குச் சோறு இறங்காது. அமெரிக்காவின் பழைய கறுப்பு வெள்ளைக் கௌபாய் படங்கள். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஊர் ஊராகப் பாடித் திரிந்த இசைக்குழுத் தலைவர்தான் கதாநாயகன். இரண்டு திருடரைச் சுட்டுவிட்டு, தொப்பியைத் தட்டிக்கொண்டு குழுவோடு பாட வந்துவிடுவார். காசில்லாமல் எடுத்த படங்கள், ஒரே பாறை மூன்று படத்தில் வரும். நான் சிரிப்பேன். அண்ணை சிரிக்க மாட்டார்.

"வாத்தியக்காரரைப் பாரும், தம்பி. ஒவ்வொருத்தரையும் கிட்டக் காட்டுறான்," என்பார்.

அது எனக்குச் சுருக்கென்று குத்தும். கனடாவில், ஸ்காபரோவில் தமிழ் விழாக்களுக்கு வீடியோ எடுப்பவன் நான். அந்த மேடைகளில் கிற்றாரை மடியில் கிடத்தி, இரும்புக் கட்டையை நரம்பில் தேய்த்து வாசிப்பவர் அண்ணை. மனைவி பாலேஸ்வரி அக்காவுக்குச் சனிக்கிழமைகளில் முதியோர் இல்லத்தில் வேலை. கச்சேரிக்கு வந்ததே இல்லை. என் வீடியோக் கசெற்றைத்தான் பார்ப்பார். அதில் பாடகர் இருப்பார், முன்வரிசைப் பிரமுகர்கள் இருப்பார்கள், அண்ணை இருக்க மாட்டார்.

"'உண்மையா வாசிக்கத்தான் போறியளோ?' எண்டு மனுசி கேக்கிறா, தம்பி. ஒரு பாட்டிலயாவது என்னைக் காட்டுமன்."

தொண்ணூற்று நான்கு தீபாவளி விழாவில் இடையிசை முழுவதும் கமெராவை அவர் மேலேயே வைத்திருந்தேன். பிறகு வீட்டில் எடிட்டிங். எங்கள் வீடியோக்களில் பாட்டு நின்று வாத்தியம் மட்டும் கேட்டால், அங்கே நயாகரா விழ வேண்டும் அல்லது ரோசாப்பூ சுழல வேண்டும். சனம் அதைத்தான் கேட்கும். பழகிய கை யோசிக்கவில்லை. அண்ணையின் முகத்தின் மேல் நயாகராவைக் கொட்டிக் கசெற்றையும் கொடுத்துவிட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. "தண்ணி நல்லா விழுது," என்றார், அவ்வளவுதான். நாலு வார்த்தை ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். என்மேல் எனக்கே எரிச்சல் வந்தது.

வெட்டாத மூலக் கசெற்றை எடுத்துக்கொண்டு மோர்னிங்சைட்டில் அவர்களுடைய அப்பார்ட்மென்டுக்குப் போனேன். அண்ணை வெட்கத்தில் தேத்தண்ணி போடுகிறேன் என்று குசினிக்குள் போய்விட்டார். அக்காவுக்குக் கசெற்றைப் போட்டுக் காட்டினேன். திரையில் அவர் குனிந்து கட்டையைத் தேய்த்தார், நிமிர்ந்தார், தனக்குள் சிரித்தார்.

அக்கா கண் எடுக்காமல் பார்த்தார்.

"பதினெட்டு வருசம். இவர் இப்பிடிச் சிரிச்சு நான் ஒருநாளும் காணேல்லை."

குசினியில் கரண்டிச் சத்தம் நின்றது.

"இன்னொருக்கா விடுங்கோ, தம்பி," என்றார் அக்கா. "அடுத்த கச்சேரி எப்ப எண்டும் சொல்லுங்கோ. லீவு கேக்கவேணும்."